முகவரியும் வரியும்

(நமது மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நமக்கு முன்னர் இம்மேடையில் பேசிய பெரியவர்கள் திருமுறையின் பெருமையையும் தொண்டின் சிறப்பையும் எடுத்துரைத்தார்கள். அவர்களுக்குப் பின்னே வந்து நின்று கூரைத் தகரத்தைப் பற்றியும் வரியைப் பற்றியும் கொழுந்து நிறுவையைப் பற்றியும் பேசுவது, சர்க்கரைப் பொங்கலுக்குப் பின் கசாயம் கொடுப்பதைப் போன்றது என்பதனை நாம் அறியாமலில்லை. ஆயினும் பல்கலைக்கழகத்திலே பொருளியல் படிக்கும் ஒருவரைப் பேச அழைத்த பின்னர் அவர் வேறு எதைத்தான் கொண்டு வருவார்? பொறுத்தருள வேண்டுகிறோம்.

முதலிலே ஒரு கடிதத்தின் கதையைச் சொல்லிவிடுகிறோம். பதுளையிலே மிஷன் பள்ளியில் நம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த நண்பர் ஒருவர். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றவர். அரசாங்க உத்தியோகம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பும் வந்தது. ஆனால் அது வந்து சேர்ந்த இடம் அவருடைய வீடன்று, தோட்டத்துக் காரியாலயம். அங்கே மேசைமேல் ஒன்பது நாள் கிடந்தது. கடைசியிலே மேற்பிரிவுக்குப் போன ஒருவர் கையில் கொடுத்தனுப்பப்பட்டு நண்பரின் கைக்கு வந்தபோது, நேர்முகப் பரீட்சை முடிந்து மூன்று நாளாகிவிட்டது. யாரும் அவருக்குத் தீங்கு நினைக்கவில்லை. பிரிவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டுமே எழுதப்பட்ட கடிதம் வேறெங்கே போகும்? நண்பர் இன்று கொழும்பிலே ஒரு புடைவைக் கடையில் துணி அளந்து கொண்டிருக்கிறார்.

முகவரி என்னும் சொல்லுக்குள்ளே வரி என்னும் சொல் இருக்கிறது. சிலேடைக்காகச் சொல்லவில்லை, அந்த ஆசையும் கொஞ்சம் உண்டு என்பதை மறுக்கவுமில்லை. ஒரு மனிதனுக்கு முகவரி இருந்தால் அவனிடம் அரசாங்கம் வரி கேட்கும். வரி கேட்ட பின் அவன் பாதை கேட்பான், விளக்குக் கேட்பான், தண்ணீர் கேட்பான். வங்கி அவனை நம்பிக் கடன் கொடுக்கும். அந்தக் கடனைக் கொண்டு அவன் ஒரு தொழில் தொடங்குவான். நாட்டின் செல்வம் பெருகும். பொருளாதார வாய்ப்பு என்று பெரிய நூல்களிலே எழுதப்படுவது இந்தச் சங்கிலிதான். நம்முடைய ஊவாவின் தோட்டங்களிலே இச்சங்கிலியின் முதற்கண்ணியே இல்லை. வீடு இருக்கிறது; ஆனால் அது நம்முடைய வீடன்று.

லயத்தைப் பற்றி இச்சபையில் விவரிக்க வேண்டியதில்லை. 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. முன்னே ஓர் இஸ்தோப்பு. அடுத்த வீட்டுச் சண்டையும் தாலாட்டும் ஒரே சுவரின் வழியாக வந்து சேரும். நம்மில் பெரும்பாலோர் அங்கே பிறந்தவர்கள். நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்ட காலத்திற்கும் முன்னரே, கோப்பித் தோட்டங்களிலே லயம் வந்துவிட்டது. கூலிக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் விடியற்காலையிலே பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். அதற்காகக் கட்டப்பட்டது லயம். அது சம்பளத்தின் ஒரு துண்டாகவே கருதப்பட்டது. குடும்பத்தில் ஒருவராவது செக்றோலில் பேர் போட வேண்டும், இல்லாவிட்டால் காம்பரா போய்விடும் என்பது எழுதாத சட்டம். துரைமார் போனார்கள், 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் உடைமையாயின, 1992-இல் அவை கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு விடப்பட்டு, பின்னர் நீண்ட குத்தகையாயின. இத்தனை மாற்றத்திலும் மாறாதிருந்தது அந்த எழுதாத சட்டம் ஒன்றுதான். இன்றைக்குக் காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பெனியுடையது, ஒழுகும் கூரை மட்டும் நம்முடையது. அதற்கு ஒரு தகரம் மாற்ற வேண்டுமானால் மூன்று பேரில் யாரைக் கேட்பது என்று நம் பாட்டிமாருக்கும் தெரியவில்லை. பட்டப்படிப்புப் படிக்கும் நமக்கும் தெரியவில்லை.

இனி வரிக்கு வருவோம். "தோட்டத்து மக்கள் வரி கட்டுவதில்லை, ஆகையால் அரசாங்கத்திடம் கேட்க அவர்களுக்கு என்ன உரிமை?" என்று பட்டணத்திலே சிலர் பேசக் கேட்டிருக்கிறோம். பல்கலைக்கழகத்திலே படித்த நண்பர் ஒருவரும் தேநீர் அருந்திக்கொண்டே இதைச் சொன்னார். அவர் அருந்திய தேநீர் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கவில்லை. ஆனால் நூலகத்திற்குச் சென்று கொஞ்சம் தேடினோம்.

1968-ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் நாட்டிலே அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் என்றொரு முறை ஏற்படுத்தப்பட்டது. பெயர் நீளமானது, விஷயம் எளியது. வெளிநாட்டுப் பொருளை இறக்குமதி செய்கிறவர் பலவற்றுக்கு உத்தியோகபூர்வ விலைக்கு மேலே ஒரு மிகைத் தொகை கொடுக்க வேண்டும். புதிய பொருள்களை ஏற்றுமதி செய்கிறவருக்கு அந்த மிகைத் தொகை கிடைக்கும். முதலில் 44 சதவீதமாக இருந்த அது பின்னர் 65 சதவீதம் வரை ஏறியது. ஆனால் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றுக்கும் மட்டும் அது கிடையாது. அவை ஈட்டிய பவுணுக்கும் டொலருக்கும் பழைய விலைதான். நாட்டின் ஏற்றுமதி வருமானத்திலே பாதிக்கு மேல் தேயிலையாலே வந்த காலம் அது. ஒரே சந்தையில் ஒரே ஆங்கிலப் பவுணைக் கொண்டு வந்த இருவரில் ஒருவருக்கு முழு விலையும் மற்றவருக்குக் குறைந்த விலையும் கொடுத்தால், அந்த வித்தியாசத்துக்கு என்ன பெயர்? பொருளியலார் அதனை மறைமுக வரி என்பர். 1977-இல் அம்முறை நீங்கியது. ஆனால் தேயிலையின் ஏற்றுமதித் தீர்வை உயர்த்தப்பட்டது. 1990-களின் தொடக்கம் வரை அத்தீர்வை தொடர்ந்தது.

அக்காலத்திலே இந்த வரியை உண்மையில் சுமந்தவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். கம்பெனி சுமந்தது என்று சொல்லலாம். கம்பெனி அதனை எங்கே குறைத்துக்கொண்டது? உரத்திலே குறைத்தது, மறுநடுகையிலே குறைத்தது, லயத்தின் கூரையிலே குறைத்தது, கூலியிலே குறைத்தது. அவ்வாறு சுமந்தவர்களுக்கு வாக்கு இருந்ததா? 1947-ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியர் காங்கிரஸின் ஏழு உறுப்பினர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களில் ஒருவர் நமது பதுளையின் எஸ். எம். சுப்பையா. 1948-ஆம் ஆண்டு 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1949-இல் வந்த சட்டங்களும் அந்தக் கதவைச் சாத்திவிட்டன. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திலே 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பேரேட்டில் கணக்குப் பிரிப்பதுபோல் மக்கள் பிரிக்கப்பட்டனர். எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க 1988-இலும் 2003-இலும் சட்டங்கள் வர வேண்டியிருந்தது. ஆக, தேயிலையின் மீது அதிக வரி விழுந்த ஆண்டுகளும் தேயிலை பறித்தவருக்கு வாக்கில்லாதிருந்த ஆண்டுகளும் ஏறக்குறைய ஒன்றே. இது தற்செயலா என்று நம் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "பரீட்சைத் தாளில் அதை எழுதிப் பாருங்கள்" என்றார்.

இன்றைய வரி எப்படி? 2024 சனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். தோட்டத்திலே நாட்கூலி பெறும் தாயார் கடையிலே சவர்க்காரம் வாங்கும்போதும், கொழும்பிலிருக்கும் மகனோடு பேசத் தொலைபேசிக்குக் காசு போடும்போதும் அந்த வரியைக் கட்டிவிடுகிறார். ஆனால் அதற்கு ரசீது கேட்டு ஓர் உரிமையைக் கோர முடியாது.

இதனினும் வேடிக்கையானது உள்ளூராட்சியின் கதை. 1987-ஆம் ஆண்டு 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, சாகுபடிக் காணிகளுக்கு ஏக்கர் வரி விதிக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 33-ஆம் பிரிவு, சபை பணம் செலவிட்டுப் பொதுவேலை செய்யக்கூடிய இடங்களைச் சொல்லும்போது தோட்டக் குடியிருப்புக்களை உட்படுத்தவில்லை. 1988-க்குப் பின் நம்மவர் வாக்களித்தார்கள். நம்மவரே உறுப்பினராகவும் சபையில் அமர்ந்தார்கள். ஆயினும், தமக்கு வாக்களித்த லயத்துக்கு முன்னே ஒரு கானை வெட்டக்கூட அவர்களுக்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அது தனியார் நிலம் என்று கூறப்பட்டது. கிராமத்து எல்லை வரைக்கும் கொங்கிரீட் பாதை வரும். தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றுவிடும். அதற்கு மேலே சேறு. பசறைக்கும் மடுல்சீமைக்கும் போகிற வழியிலே இப்படிப்பட்ட இடங்களை நம்மில் எத்தனையோ பேர் கண்டிருப்போம். இந்தப் பிரிவைத் திருத்தி, தோட்டங்களிலும் சபை வேலை செய்யலாம் என்று ஆக்கியது 2018-ஆம் ஆண்டு 30-ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். முப்பத்தொரு ஆண்டுகள்! அதிலும் நிர்வாகத்தோடு கலந்தாலோசித்தே செய்ய வேண்டும் என்றிருக்கிறது. கலந்தாலோசனை எத்தனை நாள் எடுக்கும் என்று சட்டத்தில் சொல்லவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். வரியாலே வீடும் நிலமும் இழந்தவர்கள் நாம் மாத்திரம் அல்லர். நம் அயலிலே வாழும் சிங்களக் கிராமத்தவரின் பாட்டன்மாரிடமிருந்து ஆங்கில ஆட்சியார் தானிய வரி வசூலித்தனர். 1880-களிலே வலப்பனையிலும் ஊவாவிலும் அவ்வரி கட்ட முடியாத ஏழைகளின் வயல்கள் ஏலத்தில் போயின. பட்டினியும் சாவும் வந்தன. 1890-களின் தொடக்கத்தில்தான் அவ்வரி நீக்கப்பட்டது. தேயிலைக்குப் போன மலைகளிலே தங்களுக்கும் பாத்தியதை இருந்தது என்று அவர்கள் சொல்லும்போது நாம் முகம் சுளிப்பது முறையன்று. தோட்டத்தில் ஒருவருக்கு ஏழு பேர்ச் காணி கொடுத்தால் கிராமத்தில் ஒருவருக்குக் குறைந்துவிடும் என்று பேசி இரு சாராரையும் மோதவிடுவது அரசியல்வாதிகளுக்கு எளிதான வேலை. குத்தகைக் காணியிலே காடாகக் கிடக்கும் ஏக்கர்களை அவர்கள் ஒருநாளும் எண்ணிக் காட்டுவதில்லை.

விளைச்சலுக்கு வருவோம். சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் போதெல்லாம் நாம் கேட்கிற ஒரு சொல் உற்பத்தித்திறன். "உற்பத்தித்திறன் உயர்ந்தால் சம்பளம் உயரும்" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. பொருளியல் நூல்களும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் யாருடைய திறன் என்று கேட்க வேண்டாமா?

மிஷன் பள்ளியிலே விவிலிய வகுப்பில் ஒரு கதை படித்தோம். எகிப்து தேசத்து மன்னன் தன்னிடம் அடிமைப்பட்டிருந்த மக்களைச் செங்கல் அறுக்கச் செய்தான். செங்கல்லுக்கு வைக்கோல் வேண்டும். ஒருநாள் இனி வைக்கோல் கொடுக்க வேண்டாம், செங்கல்லின் கணக்கு மட்டும் குறையக் கூடாது என்று கட்டளையிட்டான். அக்கதையை நமக்குச் சொன்ன ஆசிரியர் தோட்டத்துப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துச் சற்று நிறுத்தினார். அவர் ஏன் நிறுத்தினார் என்பது நமக்குப் பிறகுதான் விளங்கியது.

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் தடை நீக்கப்பட்டதாயினும் அதற்குள் காலம் தவறிவிட்டது; அடுத்த ஆண்டு உரத்தின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 2021-இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022-இல் 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. அந்த ஓராண்டிலே கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்கள் வேகம் குறைந்துவிட்டனவா? செடியிலே கொழுந்து இல்லை. ஆனால் மாலையிலே தராசில் கூடையைத் தூக்கியபோது, கிலோ குறைந்ததற்காக அரைப் பேர் விழுந்தது உரத்தைத் தடுத்தவருக்கன்று.

உரத்தின் கதை ஓராண்டுக் கதை. செடியின் வயது நூறாண்டுக் கதை. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் கிளைத்துண்டிலிருந்து வளர்க்கும் நல்லின நாற்றுக்களை உண்டாக்கிக் கொடுத்து ஆண்டுகள் பலவாயின. மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றிலோ வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலையே இன்னமும் நிற்கிறது. அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையிலே 1890-ஆம் ஆண்டளவில் தோமஸ் லிப்டன் தோட்டம் வாங்கினார். அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் இடத்திலே இன்று உல்லாசப் பயணிகள் அமர்ந்து படம் பிடிக்கிறார்கள். கீழே வாடைக்கும் கச்சானுக்கும் ஈடுகொடுத்து நிற்கும் கிழட்டுச் செடிகளைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. மறுநடுகை செய்தால் பல ஆண்டுகளுக்கு அந்த மலையிலே வருமானம் இராது. குத்தகை முடியும் ஆண்டை எண்ணிக்கொண்டிருக்கிறவர் எதற்காக நடுவார்?

இதற்கு மறுபக்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது. இன்று நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சிறுதோட்டக்காரரின் காணியிலிருந்து வருகிறது. ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் அவை. அவற்றில் பெரும்பாலானவை தாழ்நாட்டிலே இருக்கின்றன. அங்கே செடியும் புதிது, மண்ணும் வேறு. ஆகையால் நேருக்கு நேர் ஒப்பிடுவது முற்றிலும் நியாயமாகாது. இதனை நம் எதிர்க்கட்சிக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறோம். ஆயினும் ஒன்று கேட்கலாம். அந்தக் குடும்பம் செடியைப் புதிதாக நட்டது ஏன்? காணி தன்னுடையது, இன்று நட்டால் தன் பிள்ளை பறிக்கும் என்று அதற்குத் தெரிந்ததனால் அன்றோ? நம்மிடம் நூற்றைம்பது ஆண்டுக் கைத்திறன் இருக்கிறது. அத்திறன் நிற்க ஒரு பேர்ச் நிலம் இல்லை.

சம்பளத்தைப் பற்றி நாம் அதிகம் பேசப் போவதில்லை. தொழிற்சங்கத்தார் நம்மைவிட நன்றாகப் பேசுவார்கள். 2021-இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாயிற்று. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயென வர்த்தமானியில் வந்தது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்திலே, அடுத்த ஆண்டுக்கு 1,550 ரூபாயும் வருகைக்கென அரசாங்கத்தின் பணத்திலிருந்து 200 ரூபாயும் பிரேரிக்கப்பட்டன. வரிப் பணம் நேராகத் தோட்டத் தொழிலாளியின் கூலிக்குள் வருகிறது என்பது புதுமையே, வரவேற்கிறோம். ஆனால் சம்பளம் உயரும் ஒவ்வொரு முறையும் நமக்குள் எழும் கேள்வி வேறு. அந்த 200 ரூபாயைச் சேர்த்து வைத்து ஒருவர் எதை வாங்கலாம்? தாம் பிறந்த காம்பராவை வாங்க முடியுமா?

வீடு நம்முடையதாக இல்லாவிட்டால் வறுமை மட்டுமா வரும்? 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலையிலே கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர்; திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தனர். "எச்சரித்தும் ஏன் போகவில்லை?" என்று பட்டணத்துப் பத்திரிகைகள் கேட்டன. எங்கே போவது? சொந்த வீட்டுக்காரன் வீட்டை விற்று வேறிடம் போகலாம். அல்லது அடகு வைத்துப் போகலாம். லயத்துக்காரனுக்கு ஒரு காம்பராவைவிட்டு இன்னொரு காம்பராவுக்குப் போகவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 2023 மார்ச்சிலே பூனாகலை கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் வந்தபோது நம் பதுளை மாவட்டம் பட்ட பாட்டை இங்கே இருப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இச்சபையிலே இன்றும் உறவினரை இழந்த துயரோடு அமர்ந்திருப்பவர்கள் உண்டு. நிவாரண விண்ணப்பப் பத்திரத்திலே "காணியின் உரிமையாளர்" என்றொரு கோடு இருக்கும்போது, நம்மவர் பலர் அங்கே பேனாவை வைத்து நின்றுவிட்டார்கள். நம் மன்றத்து இளைஞர்கள் பத்திரம் நிரப்பிக் கொடுக்கச் சென்றபோது கண்ணால் கண்டதைச் சொல்கிறோம்.

கடலுக்கு அப்பாலும் ஒரு பாடம் இருக்கிறது. கேரளத்து மூணாறிலே தேயிலை பறிப்பவர்களும் பெரும்பாலும் தமிழர்களே. அவர்களும் தங்கள் வீட்டை லயம் என்றே சொல்கிறார்கள். 2005-இலே அங்கே கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி உண்டாயிற்று. அதன் பங்குகளிலே பெரும்பகுதி ஊழியரின் கையில் இருந்தது. தொழிலாளியே முதலாளி என்று உலகம் பாராட்டியது. 2015-இலே அத்தோட்டங்களின் பெண்கள் "பெண்கள் ஒற்றுமை" என்று மலையாளத்தில் பொருள்படும் பெயரோடு வீதிக்கு வந்து, கூலிக்காகவும் மிகை ஊதியத்துக்காகவும் போராட வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, பெட்டிமுடி என்னுமிடத்திலே மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தது கம்பெனி லயத்திலே. கம்பெனியிலே பங்கு இருந்தது. படுத்திருந்த இடம் சொந்தமாக இல்லை. சம்பளத்திலும் பங்கிலும் உள்ள சீர்திருத்தமெல்லாம் வீட்டின் வாசற்படியோடு நின்றுவிட்டால் என்னவாகும் என்பதற்கு இதனினும் கொடிய சாட்சி வேண்டாம்.

வேறு விதமாகச் செய்த தேசமும் உண்டு. சிங்கப்பூரிலே தொழிலாளர் சேமிப்பு நிதி 1955-இல் தொடங்கிற்று. நமது ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958-இல் வந்தது. மூன்றே ஆண்டு வித்தியாசம். அங்கே 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைத்தார்கள். 1968-இலே தொழிலாளி தன் சேமிப்பு நிதியைக் கொண்டே அரசாங்கம் கட்டிய வீட்டை வாங்கலாம் என்று சட்டம் செய்தார்கள். இன்று அந்நாட்டு மக்களில் ஐந்தில் நால்வர் அத்தகைய வீடுகளில் வசிக்கிறார்கள். தோட்டத்திலே நம் தாய்மாருக்கும் அந்த நிதி உண்டு. அவர்களுடைய சம்பளத்தில் 8 சதவீதமும் நிர்வாகத்தின் பங்காக 12 சதவீதமும் சேர்கிறது. அந்த நிதியைக் காட்டி வீட்டுக் கடன் எடுக்கவும் வழியுண்டு. ஆனால் வங்கியின் முதற்கேள்வி, "காணி உறுதி எங்கே?" முப்பது ஆண்டு சேர்த்த பணம் இருந்தும் அதனை வைத்து ஒரு சுவர் எழுப்ப முடியாது. கடைசியிலே சர்வீஸ் காசோடு சேர்ந்து வந்து, மகளின் கலியாணத்திலே கரைந்து போகிறது.

சிங்கப்பூர் வீடு முழு உரிமையும் அன்று. 99 ஆண்டுக் குத்தகையே. ஆனால் அதனைப் பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், வங்கியில் ஈடு வைக்கலாம், விற்கலாம். ஆகையால் நாம் கேட்க வேண்டியது பத்திரத்தின் பெயரை அல்ல. அந்தப் பத்திரத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதையே. நம் மலையகத்திலும் வீடுகள் எழும்பாமலில்லை. ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு என்னும் கொள்கை வந்தது. இந்திய அரசாங்கத்தின் உதவியோடு மத்திய, ஊவா மாகாணங்களிலே முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதத்தில் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2025 அக்டோபரிலே பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்குப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அவை காணி உறுதிதானா, பயனாளி என்று காட்டும் சான்றிதழா என்று உடனே வாதம் எழுந்தது. அந்த வாதத்தைக் கேட்டு நம் பெரியவர்கள் சிலர் சலித்துக்கொண்டார்கள்: "கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமல் இதென்ன குற்றம் பிடித்தல்?" பெரியவர்களே, குற்றம் பிடிக்கவில்லை. முன்னர் கடன் கொடுத்துக் கட்டிய இரட்டைக் குடில்களுக்குச் சம்பளத்திலே மாதாமாதம் கழித்தார்கள். பலருக்குக் கடன் முடிந்தும் உறுதி வரவில்லை. ஒருமுறை சுட்டுக்கொண்ட கை அது.

இன்னொரு அச்சமும் பெரியவர்களிடம் உண்டு. வீடும் காணியும் சொந்தமானால் இளைஞர்கள் அதனை விற்றுக் குடித்துவிடுவார்கள், அல்லது மலைக்குப் போகாமல் வெளிவேலைக்குப் போய்விடுவார்கள், தோட்டம் அழியும். நிர்வாகத்தாரின் உள்ளத்திலும் இந்த இரண்டாவது அச்சமே இருக்கிறதென்று நினைக்கிறோம். 1992-இல் கம்பெனிகளின் கீழ் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தனர். இன்று அதில் பாதியும் இல்லை. உறுதி கொடுக்காமலே போய்விட்டார்களே! லயம் அவர்களைப் பிடித்து வைக்கவில்லை, துரத்திவிட்டது. சொந்த வீடிருந்தால், காலையிலே கூலிக்குக் கொழுந்து பறித்துவிட்டு மாலையிலே தன் தோட்டத்தில் மரக்கறி போடுவார் ஒருவர். வெலிமடையிலே கிராமத்தவர் அப்படித்தான் பிழைக்கிறார்கள். தையல் இயந்திரம் வாங்க இன்னொருவர் கடன் எடுப்பார். விற்றுக் குடிக்கும் அச்சத்துக்கு நாம் கூறும் மருந்து ஒன்றுண்டு: உறுதியிலே தாயின் பெயரும் இருக்கட்டும். கொழுந்துக் கூடை சுமந்தவர் அவர்தானே? தாயின் கையெழுத்தில்லாமல் விற்கமுடியாது என்றால், தவறணைக்காரர் சற்று யோசிப்பார். சிரிக்கிறீர்கள், தாய்மார்கள் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கிறோம்.

நமக்குத் தந்த நேரம் முடிகிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். செய்யக்கூடிய காரியம் இரண்டைச் சொல்லி அமர்ந்துவிடுகிறோம். பிரதேச சபை உறுப்பினர்கள் மூவர் இங்கே வந்திருக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தத்தம் சபையிலே தோட்டங்களுக்கென்று எத்தனை ரூபாய் ஒதுக்கப்பட்டது, எத்தனை செலவாயிற்று, லயங்களுக்கு இலக்கமிடும் வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று அடுத்த மாதக் கூட்டத்திலே எழுத்திலே கேட்டு, விடையை நம் மன்றத்து அறிவித்தற் பலகையிலே ஒட்ட வேண்டுகிறோம். விடை வராவிட்டால், வரவில்லை என்றே ஒட்டுவோம்.

மற்றது நம்மாலேயே ஆவது. வீட்டுப் பத்திரம், கடன் துண்டு, சேமலாப நிதிக் கணக்கு, நிவாரணக் கடிதம் ஆகியவற்றில் எது பெட்டியில் கிடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை மன்றத்து அறைக்குக் கொண்டு வாருங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் படித்துச் சொல்ல மாணவர் நால்வர் இருப்போம். எந்தப் பத்திரத்தை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யமுடியாது என்று குடும்பம் குடும்பமாக ஒரு பேரேட்டில் எழுதி வைப்போம். கடிதம் வர வேண்டியவர்கள் மன்றத்து விலாசத்தையும் கொடுக்கலாம். ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே யாராவது ஒருவர் மேற்பிரிவுக்கு ஏறுவோம்.